பதினெட்டு மூச்சு

டெல்மர் ராஸ்கு ஒவ்வொரு பிப்ரவரியிலும் எனக்கு ஒரு மீன் தருவார். புகையில் வாட்டிய வெள்ளைமீன். உறைந்த ஏரியின் நடுவில் அவர் இழுத்துப் போட்டிருக்கும் மரக்கூண்டுக்குள் என்னை உட்காரவைத்து, குடுவையிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்து, பனியில் துளைத்த ஓட்டைக்குள் தூண்டிலை இறக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தை நீட்டுவார். "உசுரைக் காப்பாத்துன கைக்கு" என்பார். பன்னிரண்டு வருடமாக ஒரே வாக்கியம்தான். இந்த வருடத்து மீன் பிறந்த குழந்தை அளவு இருந்தது. சரி, குறைமாதக் குழந்தை. ஆனாலும் மடியில் அது கனத்த கனத்துக்கு, பனி உடைந்து கூண்டோடு ஏரிக்குள் போய்விடுவோம் என்றே நினைத்தேன்.

நான் நாற்பத்தொரு வருடம் நர்ஸ். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் ஓர் அதிசயம் நடந்தது. மருத்துவ உலகத்துக்கு இன்னும் தெரியாது. அங்கே படுத்த அத்தனை பேரும் நிமிடத்துக்குச் சரியாகப் பதினெட்டு முறை மூச்சு விட்டார்கள். சுரங்கத்தில் லாரி ஓட்டும் நூற்றைம்பது கிலோ ஆசாமியும் பதினெட்டு. குருவி மாதிரி இருந்த பள்ளிக்கூட வாத்தியாரம்மாவும் பதினெட்டு. தூங்கினாலும், அழுதாலும், டாக்டரோடு சண்டை போட்டாலும் பதினெட்டு. ஜன்னலில் வந்து உட்கார்ந்த புறாவுக்கு மருத்துவ அட்டவணை இருந்திருந்தால் அதற்கும் பதினெட்டுதான் எழுதியிருப்போம்.

காய்ச்சலுக்குக் கருவி உண்டு, ரத்த அழுத்தத்துக்குக் கருவி உண்டு. மூச்சுக்கு மட்டும் எங்கள் கண்ணும் கைக்கடிகாரமும்தான். ஒரு முழு நிமிடம் நின்று நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். எண்ணுகிறோம் என்று நோயாளிக்குத் தெரிந்தால் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கள்ளத்தனமாக நெஞ்சைப் பார்க்க வேண்டும். படிக்கும்போது முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்த பாடம். உடம்பு கெடும்போது முதலில் மாறுவது மூச்சு என்பதும் அதே வாரத்துப் பாடம். எட்டு நோயாளிக்கு எட்டு நிமிடம். எங்களுக்கு ஏது எட்டு நிமிடம்? நாடி பார்க்கிற பாவனையை மட்டும் வைத்துக்கொண்டோம்.

டெல்மருக்குப் பித்தப்பை எடுத்த மறுநாள் மதியம் பன்னிரண்டு மணி. என்னோடு வேலை பார்த்த நர்ஸ் ஜோலீன், தன் வீட்டிலிருந்து காட்டரிசியும் கோழியும் போட்டுச் சுட்டுக் கொண்டுவந்திருந்தாள். நர்சுகள் அறையிலிருந்து அந்த வாசனை கிளம்பி, நடைவழி முழுக்க நடந்து, என் காதைப் பிடித்து இழுத்தது. டெல்மரின் மணிக்கட்டைப் பிடித்தேன். காய்ச்சல் இல்லை. அழுத்தம் சரி. நாடி கொஞ்சம் வேகம். "பொழுது போகல நர்ஸம்மா, என் டூபாவை யாராவது கொண்டாந்து குடுங்க, இந்த மாடியையே எழுப்பி உக்காரவைக்கிறேன்" என்றார். ஊர் பாண்டில் அவர் ஊதுகிற பெரிய பித்தளைக் குழல் அது. ஒரு வாக்கியத்தை முடிக்க நடுவில் இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கினார். என் காது கேட்டது. என் கை பதினெட்டு என்று எழுதியது. நான் போய் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

நான்கு மணிக்கு அவர் உதடு நீலம். ஜோலீன்தான் எண்ணினாள். முப்பத்து நான்கு.

"மதியம் எவ்ளோ இருந்துச்சு வெர்னா?"

"பதினெட்டு."

அவள் என்னைப் பார்த்தாள். அவளுடைய நோயாளிகளும் பதினெட்டுதான்.

நுரையீரலில் ரத்தக்கட்டி. டுலூத் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆம்புலன்சில் முழுத் தூரமும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். அதைத்தான் அவர் உயிரைக் காப்பாற்றிய கை என்கிறார். பத்தொன்பது நாள் குழாய் போட்டுக் கிடந்தார். பிழைத்தார். டூபா ஊதுகிற மூச்சு போயிற்று.

அன்றிலிருந்து நான் கண்ணில் பட்ட அத்தனை பேரின் மூச்சையும் எண்ணுகிறேன். தேவாலயத்தில் போதகருடையதை எண்ணி எண்ணி, பன்னிரண்டு வருடத்துப் பிரசங்கத்தில் ஒரு சொல்கூட எனக்கு ஞாபகமில்லை. சிரிக்க வைக்கத்தான் இதையெல்லாம் சொல்வேன். நான் எதைச் சொன்னாலும் மிகைப்படுத்துவேன் என்று ஊருக்கே தெரியும். இதையும் சிரித்துத் தள்ளிவிடுவார்கள் என்று, அந்த மதியத்துப் பதினெட்டைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

இந்த வருடம் டெல்மர் காப்பியை வைத்துவிட்டு, "மே மாசம் ஆஸ்பத்திரில நர்ஸ் தினம். என்னைப் பேசச் சொல்லிருக்காங்க. உங்களைப் பத்தித்தான் பேசப்போறேன். அந்த ஆம்புலன்ஸ் கதை" என்றார்.

"வேண்டாம்."

"ஏன், வெக்கமா? எல்லாத்தையும் ஊதிப் பெருசாக்குற ஆளு நீங்க. நான் கொஞ்சம் ஊதக்கூடாதா?"

"டெல்மர், அன்னிக்கு மத்தியானம் நான் எண்ணல."

"எதை?"

"உங்க மூச்சை. எண்ணாமலே பதினெட்டுன்னு எழுதினேன். எண்ணிருந்தா நாலு மணி நேரம் முன்னாடியே தெரிஞ்சிருக்கும்."

தூண்டில் மிதவை ஒரு முறை அசைந்து நின்றது. அவர் அதைப் பார்த்தபடி இருந்தார்.

"நிஜமா எவ்ளோ இருந்திருக்கும்?"

"தெரியாது. இனிமே யாருக்கும் தெரியாது."

"ஏன் எண்ணல?"

கை நிறைய நோயாளிகள், நேரமில்லை, எல்லோரும் அப்படித்தான் என்று பன்னிரண்டு வருடமாகத் தயாரித்து வைத்த பதில்கள் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன.

"பசிச்சுது" என்றேன். "ஜோலீன் சாப்பாடு கொண்டாந்திருந்தா."

"நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். கதவு திறந்தபடி கிடந்தது. மீனை மடியிலிருந்து இறக்கிப் பெஞ்சில் வைத்தேன். அதை எடுத்துக்கொண்டு போகலாமா கூடாதா என்று தெரியவில்லை. கையுறைகூடப் போடாமல் நானும் வெளியே வந்தேன்.

ஏரி முழுக்க வெயிலும் வெள்ளையும். எனக்கு முதுகு காட்டி, பத்தடி தள்ளி நின்றிருந்தார். அந்தக் குளிரில் அவர் தொப்பிக்கு மேலே வெள்ளைப் புகை ஒன்று எழுந்து கலைந்தது. பிறகு இன்னொன்று. அவருக்குத் தெரியாது என்று நினைத்து, கடிகாரத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். ஒன்று. இரண்டு. மூன்று.

பத்து வரும்போது, திரும்பாமலே கேட்டார். "முழு நிமிஷமும் எண்ணுவீங்களா, இல்ல பாதி எண்ணி ரெண்டால பெருக்குவீங்களா?"

"முழுசும்."

அதற்கு ஒரு புகை வந்தது. பதினொன்று. நொடிமுள் நகர்ந்துகொண்டிருந்தது. தொப்பிக்கு மேலே ஆகாயம் நீலமாகவே இருந்தது. அடுத்த மூச்சை அவர் வேண்டுமென்றே பிடித்து வைத்திருந்தார். விரல்கள் மரத்துப்போக, கடிகாரத்தை இறக்காமல் நின்றேன்.