பன்னிரண்டாவது குடும்பம்

"கொஞ்ச நாளைக்கு நான் மேலயே இருந்துக்கறேன்."

"இருந்துக்கோங்க."

"நீ ஒரு வார்த்தை கூப்பிட்டா வந்துடுவேன்."

"கூப்பிட மாட்டேன்."

"சரி. கூப்பிடறப்போ வர்றேன்."

ஒன்பது வருடங்களுக்கு முன்னால், வீட்டுக்கு வெளியே இருக்கும் இரும்புப் படிக்கட்டில் நடந்த பேச்சு அது. அவர் படிக்கட்டின் நடுவில் நின்றிருந்தார். ஒரு கையில் தலையணை, இன்னொரு கையில் கருவிப்பெட்டி. அவள் கீழே வாசற்கதவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சை அவள் எத்தனையோ தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டாள். கடைசி வார்த்தையைச் சொன்னபோது அவர் சிரித்தாரா என்பது மட்டும் இன்றுவரை தெரியவில்லை. வெயில் அவருடைய முதுகுக்குப் பின்னால் இருந்தது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். அவளுடைய அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் மூச்சு இழுத்துக்கொண்டிருந்த அன்று மதியம், ஊரின் மறுகோடியில் ஆறு பேர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார்கள். அவர் போனார். போகாமல் இருந்திருக்க முடியாது என்பது அவளுக்கும் தெரியும். அதை அவள் ஒரு வாரத்திலேயே மன்னித்துவிட்டாள். மன்னிக்க முடியாமல் போனது, காரியமெல்லாம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை. "நான் இருந்திருந்தாலும் அத்தை போயிருப்பாங்கதானே." கேபிள் தேய்ந்துவிட்டது, மாற்றவேண்டும் என்று சொல்வாரே, அதே குரல். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். மகள் கல்யாணமாகி வந்து போக இருக்கட்டும் என்று கட்டிய மேல் அறைக்கு அவர் குடிபோனார்.

கொஞ்ச நாள் என்பது கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிப்பட்டது. முதலில் ஒரு ஸ்டவ் மேலே போனது. பிறகு வாட்டர் ஹீட்டர். அதைப் போட்டதும் கீழே ஃபியூஸ் போய், அவள் குளியலறையில் தலை நிறைய நுரையோடு இருட்டில் நின்றாள். படிக்கட்டின் கீழிருந்து அவள் கத்தியது பக்கத்து நான்கு வீட்டுக்குக் கேட்டது. கோபத்தில் மற்றவர்கள் கதவை அறைவார்கள், தட்டை வீசுவார்கள். அவர் முறைப்படி விண்ணப்பம் எழுதிப்போட்டு, மூன்று வாரம் காத்திருந்து, மேல்வீட்டுக்கென்று தனி மின்மீட்டர் வாங்கிவிட்டார். படிக்கட்டுக்கு அடியில் பழைய மீட்டருக்குப் பக்கத்திலேயே அது உட்கார்ந்தது. அன்றிலிருந்து தெருவில் அவர் பெயர் மேல்வீட்டுக்காரர், அவள் பெயர் கீழ்வீட்டம்மா.

அவள் கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். அவர் வேலையில் அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார், இறக்குவார். வலப்பக்கத் திருகு ஆறு வாரத்துக்கு ஒருமுறை தளர்ந்துவிடும். காலையில் வேலைக்குக் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் புது மீட்டர் பெட்டியின் தலையில் கண்ணாடி மடக்கி வைக்கப்பட்டிருக்கும். அவள் எடுத்துத் திருகை முறுக்கி, மூக்குப்பிடியின் அழுக்கை நீக்கி, துடைத்து, அங்கேயே வைத்துவிடுவாள். ஒரு பேச்சுக் கிடையாது. சில சமயம் இரண்டாம் வாரத்திலேயே கண்ணாடி வந்துவிடும். திருகு இறுக்கமாகத்தான் இருக்கும். அவள் அதைத் தளர்த்தி, மறுபடியும் முறுக்கி வைப்பாள்.

"ரெண்டு பேரும் தனித்தனியா எனக்கு போன் பண்ணி, அப்பா சாப்பிட்டாரா, அம்மாவுக்குக் கால்வலி எப்படின்னு கேக்கறதை நிறுத்துங்க. நடுவுல ஒரு சீலிங்தான் இருக்கு" என்று மகள் திட்டினாள். அவள் வேறு ஊரில் இருந்தாள். ஒரு சீலிங் எவ்வளவு கனம் என்று அங்கிருந்து தெரியாது.

போன வருடம் ஒரே காலையில் தெருவின் பதினொரு வீட்டுக் கேட்டிலும் நோட்டீஸ் ஒட்டினார்கள். டேட்டா சென்டர் வருகிறது, பொது உபயோகத்துக்காக நிலம் எடுக்கப்படுகிறது, குடும்பத்துக்கு ஒரு வீடு வீதம் மாற்றுக் குடியிருப்பு வழங்கப்படும். தெருவுக்குப் பின்னால் முதல் கட்டடம் ஏற்கெனவே எழும்பியிருந்தது. சாம்பல் நிறத்தில் நீண்ட சுவர், ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. இரண்டாவது கட்டடத்துக்கு இந்தத் தெருதான் வேண்டுமாம். அளக்க வந்தவர்கள் ஒவ்வொரு கேட்டுத் தூணிலும் சிவப்புப் பெயின்டில் ஒரு எண் எழுதிவிட்டுப் போனார்கள். மூன்று வீட்டில் அதைச் சுரண்டிப் பார்த்தார்கள். எண் போய்விட்டது, சிவப்பு போகவில்லை.

கூட்டம் போட இடம் தேடியபோது, தெருவிலேயே பெரிய ஹால் அவளுடையது என்று எல்லோரும் அங்கே வந்தார்கள். எதிர்வீட்டு பேக்கரிக்காரர்தான் தலைவர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, குரல் பெரியது, அதனால் ஆனார்.

"நம்ம எல்லார் போட்டோவும் வீடியோவும் இனிமே அந்தக் கட்டடத்துலதான் இருக்கப் போகுதாம்" என்றார் அவர். "வீடு இருக்காது. வீட்டோட போட்டோ மட்டும் பத்திரமா, ஏசி ரூம்ல இருக்கும்."

கடைசி வீட்டு டீச்சர் மட்டும் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வந்திருந்த வக்கீல் இளவயதுப் பெண். கோப்பைப் புரட்டியபடி சொன்னாள்: "பன்னெண்டு குடும்பம் சேர்ந்து ஆட்சேபம் குடுத்தா, நேர்ல கூப்பிட்டு விசாரிச்சே ஆகணும்னு விதி. பதினொண்ணுன்னா தபால்லயே பதில் அனுப்பி முடிச்சுடுவாங்க. நீங்க எத்தனை?"

"பதினொண்ணு" என்றார் பேக்கரிக்காரர்.

அப்போது மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு நடை: நான்கு அடி ஜன்னல் பக்கம், நான்கு அடி திரும்பி. கூட்டம் மொத்தமும் சீலிங்கை அண்ணாந்து பார்த்தது.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா" என்றார் பேக்கரிக்காரர், தன் பெரிய குரலை முடிந்தவரை சின்னதாக்கிக்கொண்டு. "உங்க வீட்டுல ரெண்டு மீட்டர்தானே?"

பேக்கரிக்காரரே மேலே போய் அவரை அழைத்துவந்தார். அந்த ஹாலுக்குள் அவர் கால் வைத்து எட்டு வருடமாகியிருந்தது. நேராகப் போய் ஜன்னலுக்கு முதுகு காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார். அது அவருடைய பழைய இடம். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது போலிருக்கிறது, எழுந்து செருப்பு அலமாரிப் பக்கம் போய் நின்றுகொண்டார். அவள் அந்தக் காலி நாற்காலியைப் பார்க்காமல் இருப்பதற்காக வக்கீலின் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தத் தேதியிலேருந்து தனித்தனியா இருக்கீங்க?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே தேதியைச் சொன்னார்கள்.

"வியாழக்கிழமை" என்று அவர் சேர்த்தார்.

"மத்தியானம்" என்றாள் அவள்.

பேக்கரிக்காரர் இல்லாத இருமலை இருமினார்.

இரண்டு நாளில் பிரமாணப் பத்திரம் தயாராகி வந்தது. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் தனி அடுப்பும் தனி மின் இணைப்பும் கொண்ட இரு வேறு குடும்பங்கள் என்றும், இனிவரும் காலத்திலும் சேர்ந்து வாழும் எண்ணம் இருவருக்கும் இல்லை என்றும் உறுதி கூறுகிறோம். அவர் விரலை வைத்து வைத்துப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"இந்த வரி வேணுமா?"

"அது இருந்தாத்தான் சார் நிக்கும்" என்றாள் வக்கீல்.

அவர் அவளைப் பார்த்தார். கேள்வியை வக்கீலிடம் கேட்கவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் ஹாலில் பதினைந்து பேர் இருந்தார்கள். முதலில் வீடு நிற்கட்டும், வீடு நின்றால் மற்றதற்கெல்லாம் நேரம் இருக்கிறது என்று நினைத்தாள். வீடு இருக்கிறவரை அவர் மேலேதான் இருப்பார், எங்கே போய்விடுவார்? அவள்தான் முதலில் கையெழுத்துப் போட்டாள்.

விசாரணை நாற்பது நிமிடம் நடந்தது. டீச்சர் ஒரு மாதமாகக் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகியிருந்தார். பேக்கரிக்காரர் தன் அடுப்பின் செங்கல் ஒன்றை, எத்தனை வருடம் வெந்தது என்று காட்டுவதற்காக, பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். நில எடுப்பு அதிகாரி மிகவும் மரியாதையான மனிதர். எல்லோருக்கும் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். ஒவ்வொருவர் பேசும்போதும் முகத்தைப் பார்த்துக் கேட்டார், எழுதிக்கொண்டார், செங்கல்லைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். அவர் ஒரு தடவை எரிந்து விழுந்திருந்தால்கூடப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். பதினைந்தாம் நாள் உத்தரவு வந்தது. ஆட்சேபங்கள் பரிசீலிக்கப்பட்டன. நிராகரிக்கப்படுகின்றன.

மேல்முறையீடு செய்தார்கள். அதையும் பரிசீலித்தார்கள்.

போன மாதம் மாற்று வீட்டுக்கான ஒதுக்கீட்டுக் கடிதங்கள் வந்தன. அதற்குப் பிறகு தெரு ஒவ்வொரு பல்லாக விழுந்தது. முதலில் நடுவில் இரண்டு வீடு, அப்புறம் டீச்சர். பேக்கரிக்காரர் போன அன்று அவர் குரல் தெருவில் கேட்கவே இல்லை. அந்தக் கடிதங்கள் வந்தபோதே இந்த வீட்டுக் கேட்டில் மட்டும் இரண்டு உறை இருந்தன. அவளுக்கு வடக்குக் குடியிருப்பில் தரைத்தளம். அவருக்குத் தெற்குக் குடியிருப்பில் ஏழாவது மாடி. இரண்டுக்கும் நடுவில் ஊரே இருந்தது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக இரண்டு பஸ் மாறவேண்டும். இரண்டும் ஒற்றை அறை. தனி ஆளுக்கு அவ்வளவுதான்.

கடையில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு அவள் அந்த அலுவலகத்துக்குப் போனாள். அவரிடம் சொல்லவில்லை. கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நீங்கதானே மேடம் ரெண்டு குடும்பம்னு எழுதிக் குடுத்திருக்கீங்க?"

"குடுத்தோம். இப்போ ஒண்ணுன்னு மாத்த முடியாதா?"

"மாத்தணும்னா முன்னாடி குடுத்தது பொய்னு எழுதித் தரணும். அது பொய்னா பன்னெண்டு பேரோட மனுவே பொய். எல்லார் ஒதுக்கீட்டையும் நிறுத்தி வெச்சுட்டு, மறுபடி மொதல்லேருந்து விசாரிப்பாங்க. போனவங்க சாவியைத் திருப்பிக் குடுக்கணும்." அந்தப் பெண் முதல்முறையாகத் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். "அது பொய்யா மேடம்?"

தனி அடுப்பு உண்மை. தனி மீட்டர் உண்மை. ஒரு வரி மட்டும். அதை இந்தப் பெண்ணிடம் எப்படிப் பிரித்துச் சொல்வது? டீச்சர் புது வீட்டு ஜன்னலுக்குத் திரை தைத்துவிட்டதாகப் போன வாரம்தான் போன் செய்திருந்தார்.

"இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இன்று காலை மின்துறை ஆட்கள் இருவர் வந்தார்கள். மேல் இணைப்பு இன்றைக்கு, கீழ் இணைப்பு நாளைக்கு என்று ஒரு தாளைக் காட்டினார்கள். புது மீட்டரைக் கழற்றப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சுவரில் வெளுத்த ஒரு சதுரமும் நான்கு ஓட்டைகளும் மிஞ்சின. அவள் பாத்திரங்களைத் தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது படிக்கட்டில் நடைச்சத்தம் கேட்டது. முழுக்க இறங்கிவரவில்லை; பாதியில் நின்றுவிட்டது. வாசலுக்கு வந்து பார்த்தாள். அவர் கையில் மடக்கிய கண்ணாடியோடு நின்றிருந்தார். மீட்டர் பெட்டி இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக வைக்கும் இடம் இல்லை.

அவள் கையை நீட்டினாள். அவர் இரண்டு படி இறங்கிக் குனிந்து அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, மறுபடியும் அதே படிக்கு ஏறி நின்றுகொண்டார்.

"திருகு" என்றார்.

"தெரியும்."

நகத்தால் தொட்டுப் பார்த்தாள். நல்ல இறுக்கம்.

"ஏழாவது மாடி போய்ப் பாத்துட்டு வந்தேன்" என்றார். "லிஃப்ட் மோட்டார் சத்தம் சரியில்ல."

"சொன்னீங்களா?"

"யார்கிட்ட சொல்றது?" கைப்பிடிக் கம்பியின் துருவை அவர் விரலால் தேய்த்தார். "உனக்குத் தரைத்தளம். நல்லதாப் போச்சு. கால்வலிக்குப் படி ஏற வேணாம்."

இதையெல்லாம் மகள்தான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். கண்ணாடி இல்லாத அவருடைய கண்கள் கொஞ்சம் சின்னதாக, தூங்கி எழுந்ததுபோல் இருந்தன. இத்தனை தூரத்தில் அவருக்கு அவள் முகம் கலங்கித்தான் தெரியும். எத்தனை பவர் என்று அவளுக்குத் தெரியாதா? இன்று வெயில் அவர் முகத்தில் நேராக விழுந்துகொண்டிருந்தது. சிரிக்கவில்லை.

"மேல கரண்ட் இல்ல" என்று ஆரம்பித்தாள். அவள் சொல்ல வந்தது அது இல்லை.

"ஆமா. ஒரு நாளைக்குத்தானே. சமாளிச்சுக்கலாம்."

சாம்பல் சுவருக்குப் பின்னால் பெரிய குளிரூட்டும் மின்விசிறிகளைச் சோதிக்க ஆரம்பித்தார்கள். ஒரு வாரமாக இந்த நேரத்துக்கு ஓட்டிப் பார்க்கிறார்கள். முதலில் முனகல், அப்புறம் தெரு முழுக்க நிரம்பும் ஒரே இரைச்சல். இரும்புப் படிகள் மெல்ல நடுங்கின. அவள் ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது அவருக்குத் தெரிந்திருக்காது.

"என்ன?" என்றார், காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு.

அவள் கண்ணாடியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். ஆளில்லாத பத்து வீடுகளுக்கும் கேட்கும்படி, ஹீட்டர் போட்ட அன்று கத்திய அதே குரலில், "கீழ வாங்க" என்றாள்.