மவுஸ் இல்லாத விரல்

மூன்று வாரம் மாடாய் உழைத்து ரொசால்பா எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல் அது. ஞாண்டுட்டி என்னும், சிலந்தி வலைபோன்ற நூல் லேஸ் பின்னும் பெண்களின் கடைக்கு ஓர் இணையதளம். படத்தின் மேல் மவுஸைக் கொண்டுபோனால் ஒரு வெள்ளை நூல் ஓடி வந்து, வட்டப் பூவாகத் தன்னைத் தானே பின்னிக்கொள்ளும். அன்று மதியம் கடை திறப்பு. மாலையில் மொண்டேவீடியோ நகர நிறுவனம் ஒன்று அந்தப் பக்கத்தைப் பார்க்கப் போகிறது. பிடித்தால் அவளுக்கு வேலை. அசுன்சியோன் நகரின் இந்த வெக்கை பிடித்த அறையிலிருந்து விடுதலை.

"இதுக்குப் போய் இவ்வளவு நிரலா? பக்கத்தை அலங்கரிக்கிற சிஎஸ்எஸ்ல ரெண்டு வரி போதும். படம் லேசா பெரிசாகும், கீழே நிழல் விழும், முடிஞ்சது," என்றான் கூட்டாளி ஃபுல்ஹென்சியோ, கொம்புக் குவளையில் தெரெரே என்னும் இலைப் பானத்துக்குக் குளிர்ந்த நீரை ஊற்றியபடி.

"உன் கல்யாணப் பத்திரிகையும் ரெண்டு வரிதானே? கஞ்சப்பய!"

"வந்தவங்க வயிறார சாப்பிட்டாங்கடி. உன் நூல் சுத்தி முடியறதுக்குள்ள வாங்க வந்தவன் பசியில செத்துருவான்."

அதற்குள் இத்தவ்குவா ஊரிலிருந்து லேஸ் பின்னும் பெண்களின் தலைவி, எல்லோரும் மரியாதையாக 'ஞா' என்றழைக்கும் ஞா எவுசேபியா வந்துவிட்டார். வந்த கையோடு தன் கைப்பேசியில் பக்கத்தைத் திறந்து ஒரு மேசை விரிப்பைத் தொட்டார். நூல் சுற்றியது. விலைப் பக்கம் திறக்கவில்லை. மறுபடி தொட்டார், மறுபடி நூல்தான். விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை தொட்டார்.

"ஊசி பிடிச்சுப் பிடிச்சு விரல் காய்ச்சுப்போச்சு மகளே. போனுக்கு என்னைத் தெரியல போல," என்றார், மன்னிப்புக் கேட்பதுபோல.

ரொசால்பாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. பெரிய திரையில், மவுஸை வைத்தே பார்த்துப் பார்த்துப் பூரித்திருந்தாள். விரலையும் மவுஸ் என்று நினைத்து அவள் நிரல் ஒவ்வொரு தொடுதலையும் விழுங்கிக்கொண்டிருந்தது.

"உங்க விரல்ல ஒரு குறையும் இல்ல ஞா. தப்பு என்னோடது."

பிரித்துச் சரிபார்க்க நேரமில்லை. நூல் ஓடும் நிரல் மொத்தத்தையும் அழித்துவிட்டு, மவுஸ் இருந்தால் மட்டும் வேலை செய்யும்படி சிஎஸ்எஸ் வரிகளைப் போட்டாள். ஞா எவுசேபியா தொட்டார். விலைப் பக்கம் பட்டென்று திறந்தது. வாய்விட்டுச் சிரித்தார்.

மாலையில் மொண்டேவீடியோக்காரர் கேட்டார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல நீங்க பெரிசா என்ன செஞ்சிருக்கீங்க?" நடந்ததைச் சொன்னாள். மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, வேறு ஆளைப் பார்ப்பதாகச் சொன்னார்.

வேலை கைநழுவிப் போனது. ஆனாலும் அந்த நூலைத் திரும்பப் போட அவளுக்குக் கை வரவில்லை. ஃபுல்ஹென்சியோ குவளையை நிரப்பி அவளிடம் நீட்டினான். ஒரு கிண்டல்கூடச் செய்யவில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.