மூன்றாம் பக்கம், கடைசி வரி, ஓர் இருமல்

1

இந்தக் கதை என்னிடம் வந்து சேர்ந்த வழியை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாக வரவில்லை, வீட்டுப்பாடமாக வந்தது. என் அண்ணன் மகள் இசையில் இளங்கலை படிக்கிறாள். சிறப்புப் பாடம் மேடை வாசிப்பு, கருவி பியானோ. இது அவளுக்குக் கடைசி ஆண்டு. போன வாரம் ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள்.

"சித்தப்பா, நடக்காத ஒண்ணை நடந்த மாதிரி எழுதணும். நம்ம வீட்ல அது உங்களுக்குத்தானே வரும்."

இருபது வருடமாகக் கதை எழுதுகிறேன். என் தொழிலை இவ்வளவு சுருக்கமாக எந்த விமர்சகரும் சொன்னதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.

2

முதல் வரிக்குப் பட்ட பாட்டை மறைக்கப் போவதில்லை.

அவள் பியானோவின் முன் அமர்ந்தபோது வெளியே மழை

(வேண்டாம். என் கதைகளில் ஏற்கெனவே தேவைக்கு மேல் பெய்துவிட்டது.)

அவளுடைய மெல்லிய விரல்கள் வெண்ணிறக் கட்டைகளின் மீது

(இதுவும் வேண்டாம். அந்த விரல்களை நான் பார்த்திருக்கிறேன். நகத்தை ஒட்ட வெட்டி, கட்டைவிரலில் பிளாஸ்திரி சுற்றியிருக்கும்.)

அவள் கல்லூரி அலுவலகத்தின் சன்னல் முன் நின்றாள்.

இதுதான் சரி. மூன்று ஆண்டுகளில் அவள் அதிக நேரம் நின்ற இடம் அதுதான்.*

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: பயிற்சி அறைகள் ஆறு. பியானோ இருப்பது நான்கில். சுருதி சேர்ந்திருப்பது ஒன்றில். அறை எதற்கு என்று இருநூறு சொற்களில் எழுதிக் கொடுத்தால் அதன் சாவி கிடைக்கும். எழுதி முடிப்பதற்குள் வேறு யாராவது வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

3

சன்னலுக்கு அந்தப் பக்கம் கிளார்க் அம்மா. அண்ணன் மகள் தாளை நீட்டினாள். இறுதி மேடைத் தேர்வின் மதிப்பெண் விவரம் அது: வாசிப்புக்கு முப்பத்தைந்து, தன்மதிப்பீட்டுக் கட்டுரைக்கு ஐம்பத்தைந்து, மேடையில் வணங்கி நிமிர்வதற்குப் பத்து.

"மேடம், இந்தக் கட்டுரை, வாசிச்சப்ப என்ன கத்துக்கிட்டோம்னு எழுதறதுதானே?"

"ஆமா."

"எனக்குச் செவ்வாய்க்கிழமைதான் தேர்வு. கட்டுரைய அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமையே குடுக்கணும்னு போட்டிருக்கு."

"வெள்ளிக்கிழமை சிஸ்டம் மூடிடும்."

"வாசிக்காமயே என்ன கத்துக்கிட்டேன்னு எப்படி மேடம் எழுதறது?"

(முதல் வரைவில் இந்த இடத்தில் கிளார்க் அம்மாவைச் சிடுசிடுக்க வைத்திருந்தேன். பாவம், சட்டம் போட்டது அவர் இல்லை. திருத்திவிட்டேன்.)

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லாரும் எழுதித்தான்மா குடுத்திருக்காங்க. நாலாவது கேள்விய மட்டும் யோசிச்சு எழுது."

கட்டுரைப் படிவத்தின் நான்காவது கேள்வி இது: 'வாசிப்பின்போது நேர்ந்த ஓர் இடர்ப்பாட்டையும் அதிலிருந்து நீங்கள் மீண்ட விதத்தையும் விவரிக்கவும்.' எழுதிய இடர்ப்பாடு மேடையில் நேராவிட்டால், கட்டுரை பொய் என்று தேர்வை ரத்து செய்வார்கள். ஒரு வருடம் போய்விடும். போன ஆண்டு ஒரு வயலின்காரன், தந்தி அறுந்ததாக எழுதிக் கொடுத்துவிட்டு, அறாத தந்தியோடு மேடையில் மல்லுக்கட்டி, கடைசியில் சட்டைப்பையிலிருந்து நகவெட்டியை எடுத்திருக்கிறான். 'நெருக்கடியை நிதானமாகக் கையாண்டார்' என்று குறிப்பெழுதித் தேர்ச்சி கொடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு ஒரு பிழையும் இல்லாமல் வாசித்த புல்லாங்குழல்காரி, இந்த ஆண்டும் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள்.

4

இருவரும் உட்கார்ந்து இடர்ப்பாடு தேடினோம். ஸ்டூல் கால் உடையட்டும் என்றேன்.

"கீழ விழுந்தா வணக்கத்துக்கு உள்ள பத்தும் போயிடும்."

மின்சாரம் போகட்டும் என்றேன். அதற்கு யாரைப் பிடிப்பது என்று கேட்டாள். கடைசியில் நான் எழுதியது இது: 'இரண்டாவது உருப்படியின் மூன்றாம் பக்கம், கடைசி வரி. மிக அமைதியான இடம். பார்வையாளர் ஒருவர் பலமாக இருமினார். என் கவனம் சிதறி இரண்டு சுரங்களைத் தவறவிட்டேன். இடது கையின் ஓட்டத்தைப் பற்றிக்கொண்டு மீண்டேன்.'

படித்துவிட்டு என்னையே பார்த்தாள். இருமுவது யார் என்று நான் கேட்கவில்லை.

கூடத்தில் இருமல் ஒத்திகை நடந்தது. "ரொம்ப நடிக்கிறீங்க சித்தப்பா. இன்னும் கொஞ்சம் சளி வேணும்." நான் சளியைக் கூட்டினேன். வேலையிலிருந்து திரும்பிய அண்ணன் கருவிப்பையைக்கூட இறக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் லிஃப்ட் மெக்கானிக். விஷயத்தைச் சொன்னோம்.

"நான் லிஃப்டை சரி பண்ணிட்டு, சரி பண்ணேன்னு எழுதிக் குடுப்பேன். நீங்க எழுதிக் குடுத்துட்டு அப்புறம் போய்க் கெடுக்கறீங்க," என்றார். பிறகு மகளிடம், "அது சரி, நீ எப்பதான் வாசிப்பே?" என்று கேட்டார்.

அவள் கட்டுரையை உறையில் போட்டு ஒட்டினாள்.

5

செவ்வாய்க்கிழமை. சிறிய அரங்கு, எட்டு வரிசை. நான் மூன்றாவது வரிசையில். முன்னால் தேர்வாளர், எந்நேரமும் கையில் பென்சிலோடு இருப்பதால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் பென்சில். அவர் மடியில் எங்கள் கட்டுரை.

அவளுக்குக் கை சில்லிட்டிருந்தது. முழங்காலில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். முதல் உருப்படி ஒப்பித்ததுபோலப் போயிற்று. இரண்டாவதில், முதல் பக்கம் முடியுமுன், தோள் தானாக இறங்குவதை உணர்ந்தாள். வலது கை கேட்டதற்கு இடது கை பதில் சொன்னது. அடுத்து என்ன வரும் என்று அவள் யோசிக்கவில்லை, வந்தது. மூன்று ஆண்டுகள் எழுதிய குறிப்பு, விண்ணப்பம், விளக்கம் எதுவும் அவள் தலையில் இல்லை. இதற்காகத்தானே சேர்ந்தோம் என்று மட்டும் நினைத்தாள். அழுகை வருவதுபோல் இருந்தது, வாசித்துக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் பக்கம். அரங்கில் நாற்காலிகூட முனகவில்லை. பென்சில் கட்டுரையில் ஓர் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, தலையைத் திருப்பி வரிசை வரிசையாகப் பார்த்தார்.

கடைசி வரி. நான் வாயைத் திறக்கிறேன்

6

இங்கே நிறுத்த வேண்டியிருக்கிறது. ஐந்தாம் பகுதியில் உள்ள எதுவும் நடக்கவில்லை. இந்தக் கதையைப் பத்திரிகை வெள்ளிக்கிழமைக்குள் கேட்கிறது. இன்று வியாழன். அவளுடைய தேர்வு வருகிற செவ்வாய்.

அவளுக்குப் படிக்கக் கொடுத்தேன். ஐந்தாம் பகுதியை இரண்டு முறை படித்தாள்.

"இதுல நான் ரொம்ப நல்லா வாசிக்கிறேன்."

"ஆமா."

"நான் வாசிச்சு நீங்க கேட்டதே இல்லையே சித்தப்பா."

உண்மைதான். வீட்டில் அவளிடம் இருப்பது மின்பியானோ. எனக்கு எழுத இடைஞ்சலாக இருக்கிறதென்று, அதற்கு ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுத்ததே நான்தான். மூன்று ஆண்டுகளாக அவள் வாசிப்பு எனக்குக் கட்டைகள் டொக்கு டொக்கென்று இறங்கும் சத்தம் மட்டும்தான். வெட்கமாக இருந்தது.

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

அ) இருமுகிறேன். இரண்டு சுரம் தவறுகிறது. பட்டம் கிடைக்கிறது. அந்த வரியைப் பற்றி அவள் அப்புறம் பேசுவதே இல்லை.

ஆ) இருமவில்லை. கடைசிவரை வாசித்துவிடுகிறாள். அடுத்த ஆண்டும் புல்லாங்குழல்காரியைப் போல அதே சன்னல் முன் நிற்கிறாள்.

இ) பென்சிலுக்கே இருமல் வருகிறது. எல்லோருக்கும் சுபம்.

மூன்றாவதை அவளே அடித்துவிட்டாள். "இது ஏமாத்து." மற்ற இரண்டையும் தொடவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "நெஜமாவே அப்படி வாசிச்சா, இருமுவீங்களா?" என்று கேட்டாள்.

நான் தாள்களை அடுக்கத் தொடங்கினேன். அவள் பக்கத்து அறைக்குப் போய்விட்டாள். இதை எழுதும்போது அங்கே வாசித்துக்கொண்டிருக்கிறாள், ஹெட்போன் இல்லாமல். ஐந்தாம் பகுதியில் நான் எழுதியதுபோல் இல்லை. ஓர் இடத்தில் தடுக்கி, நின்று, முதலிலிருந்து தொடங்கினாள். ஆனால் நான் எழுதியதைவிட நன்றாக இருக்கிறது. கூடத்தில் அண்ணன் தொலைக்காட்சியை அணைத்துவிட்டார். இப்போது மூன்றாம் பக்கமாக இருக்க வேண்டும், எனக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை மூன்றாவது வரிசையில் எனக்குப் பக்கத்து நாற்காலி உங்களுக்கு. வந்துவிடுங்கள். நான் மூச்சை இழுக்கும்போது என் வாயைப் பொத்துவதா, முதுகில் ஒரு தட்டுத் தட்டி இரும வைப்பதா என்று அங்கேயே, அவள் வாசிப்பதைக் கேட்டபிறகு, நீங்கள் முடிவு செய்யுங்கள்.