‘போனாள்’ வழக்கு

புதைக்கப்பட்ட ஐந்தாம் மாதம், மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பின்படி, கிளாஃபிரா வீட்டுக்குத் திரும்பினாள். வியாட்கா ஆற்றில் அன்று, ஆறு உறைவதற்குமுன் கடைசிப் படகுகள் ஓடிக்கொண்டிருந்தன. கணவன் யெஃபிம் கதவைத் திறந்துவிட்டான்.

கோயில் எழுத்தர் இளகிய மனசுக்காரர். இருபத்துநான்கு வயதுப் பெண்ணுக்கு ‘இறந்தாள்’ என்று எழுதக் கை வராமல், மரணப் பதிவேட்டில் ‘போனாள்’ என்று எழுதியிருந்தார். பிள்ளையில்லாமல் இறந்தவளின் சீதன வீடு பிறந்தவீட்டுக்கே சேரும் என்று அவள் அண்ணன் தெரெந்தி வழக்குப் போட்டார். நீதிபதி பதிவேட்டைப் படித்தார். போனவள் இறந்தவள் அல்ல, திரும்பலாம் என்றார். தீர்ப்பு பதினோரு மணிக்கு. மதியச் சாப்பாட்டுக்கு அவள் வந்துவிட்டாள்.

அவள் சாப்பிடவில்லை, பேசவும் இல்லை. அடுப்பருகே உட்கார்ந்திருந்தாள். காலடியில் ஈரக் களிமண் சேர்ந்தது. யெஃபிம் தினமும் துடைத்தான். முட்டைக்கோசுச் சாற்றை இரண்டு கிண்ணங்களில் ஊற்றி, இரண்டையும் அவனே குடித்தான். இப்படி மூன்று ஆண்டுகள்.

தெரெந்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். “கோவிச்சுக்காதீங்க மாப்ள. செனட்டுக்கு மனு போட்டுட்டேன்.”

“உங்க தங்கச்சி, மச்சான். ஒரு தடவ பாருங்க.”

“பாத்துட்டுத்தான் சொல்றேன். கல்லறைக்குச் சாறு ஊத்திக்கிட்டு இருக்கீங்க. அதுக்கு எதுக்கு மூணு அறை வீடு?”

தலைநகரிலுள்ள செனட் பேரரசின் உச்ச மன்றம். அது ஆட்களைப் பார்ப்பதில்லை, சட்டத்தின் சொற்களை மட்டும் பார்க்கும். ஒரு சொல்லுக்கு அது அச்சிட்டு அனுப்பும் பொருளே வார்சாவிலிருந்து கிழக்குக் கடல்வரை பொருள். முன்பு ‘கரை’ என்ற சொல்லுக்கு விளக்கம் வந்தபோது எங்கள் ஆறு எட்டடி விலகிப் படுத்தது; மீனவர்கள் கயிற்றை நீட்டிக்கொண்டார்கள்.

மார்ச்சில் பனிவண்டியில் விளக்கம் வந்தது. பதிவேட்டுச் சொல்லை ஊர் வழக்கப்படியே கொள்ள வேண்டும். ஊர் வழக்கில் போனாள் என்றால் இறந்தாள். அந்த வாரம் பேரரசு முழுவதும் இருநூறு நாற்காலிகளாவது காலியாகியிருக்கும் என்று தபால்காரர் சொன்னார்.

கிளாஃபிரா எழுந்து தலைத்துணியைக் கட்டிக்கொண்டாள்.

“இரு. சாறு சூடா இருக்கு” என்றான் யெஃபிம்.

அவள் வாசலில் நின்று திரும்பினாள். “வரேன்” என்றாள்.

வீட்டில் இப்போது தெரெந்தி இருக்கிறார். யெஃபிமுக்குப் படகுத்துறையில் ஓர் அறை. ‘வரேன்’ என்ற சொல்லுக்கு விளக்கம் கேட்டு அவன் அனுப்பிய மனுவை செனட் ஏற்றுக்கொண்டு எண் கொடுத்திருக்கிறது.