செத்த குடுவையின் வரி

1

இந்தக் கதை ஓர் அட்டவணையிலிருந்து அழிக்கப்பட்ட வரியில் தொடங்கியது. அழித்தவர் ஆய்வகத் தலைவர். பார்த்துக்கொண்டு சும்மா நின்றவள் நான். எனக்குப் பேச வாய் வராது. அதனால் இங்கே என்னை 'அவள்' ஆக்கிக்கொள்கிறேன். அவளாவது பேசுவாள் என்று ஒரு நப்பாசை.

2

[நீலக் கடலின் ஆழத்தில், கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான வீரர்கள்—]

வேண்டாம். பாக்டீரியாவை வீரர்களாக்கித்தான் இந்த அநியாயமே நடக்கிறது.

நடந்தது இதுதான். ஒரு கப்பல் கரையோரம் எண்ணெயைக் கொட்டிவிட்டது. ஆய்வை நடத்தச் சொன்னதும் அந்தக் கப்பல் நிறுவனமே. அவள் இரண்டு குடுவைகளில் கடல்நீரும் அந்த எண்ணெயும் ஊற்றினாள். ஒன்றில் எண்ணெய் தின்னும் கடல் பாக்டீரியா, உயிரோடு. மற்றதில் அதே பாக்டீரியா, வேகவைத்துக் கொன்றது.* இருபத்தெட்டு நாள் கழித்து, உயிருள்ள குடுவையில் எண்ணெய் அறுபத்தொரு சதவீதம் குறைந்திருந்தது. செத்த குடுவையில் நாற்பத்து நான்கு.

* செத்தது எதையும் தின்னாது. அங்கே குறைந்தது ஆவியாகிக் காற்றில் போனது. ஆக, பாக்டீரியா தின்றது பதினேழுதான்.

3

"செத்த குடுவை வரிய எடுத்துடும்மா," என்றார் தலைவர்.

"சார், அது இல்லாம..."

"ஆவியாப் போனாலும் போனது போனதுதானே? கடல்ல யாரு போய் செத்த குடுவை வெக்கப்போறாங்க?"

அவரே சிரித்தார். அவரே அழித்தார்.

[அவள் மேசையில் ஓங்கி அறைந்தாள். "பொய் சார்!" என்று—]

அறையவில்லை. கதையிலும் கை எழவில்லை. எழுதுகிற எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

அவரை வில்லனாக்கவும் பார்த்தேன். எடுபடவில்லை. அவள் காய்ச்சலில் கிடந்த இரண்டு நாளும் குடுவைகளைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். செத்த குடுவை எதற்கு என்று அவருக்குத் தெரியும். என் கோபமே அதனால்தான்.

4

அறுபத்தொன்று என்று அறிக்கை போனால், கரையில் எண்ணெய் அள்ளும் ஆட்களை நிறுவனம் நாளைக்கே திருப்பி அனுப்பிவிடும். மிச்சத்தைப் பாக்டீரியா பார்த்துக்கொள்ளுமாம். ஆவியாகிறது ஆரம்பத்தில் மட்டும்தான்; பதினேழே தின்றது மிச்சத்தை எப்போது தின்று முடிக்கும்? கையெழுத்துப் போட வேண்டியவள் அவள்.

அந்தக் கரையில்தான் அக்கா வீட்டுக்காரர் மீன் பிடிப்பார். எண்ணெய் கொட்டியதிலிருந்து மூன்று மாதமாகக் கடலில் இறங்கவில்லை. மத்தியானம் அக்கா ஃபோன் செய்தாள்.

"ஏண்டி, உன் பூச்சி எண்ணெயெல்லாம் தின்னு தீர்த்துடுச்சுன்னு கம்பெனி ஆளுங்க சொல்றாங்களே? உங்க மாமா வலைய உதறிக்கிட்டு நிக்கிறார். 'என் மச்சினி பண்ணது'ன்னு பீத்தல் வேற. இறங்கட்டுமா?"

"அக்கா, அது வந்து..."

"வந்து போயின்னு இழுக்காத. ஆமாவா, இல்லையா?"

5

முடிவு ஒன்று: 'இல்லை' என்கிறாள். வேலை போகிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். தட்டியவர்களில் ஒருவரும் அவளுக்கு வேலை தரவில்லை.

முடிவு இரண்டு: 'ஆமா' என்கி

எழுத வரவில்லை.

மூன்றாவதை நான் தரப்போவதில்லை. பாக்டீரியா பார்த்துக்கொள்ளும், கதை எழுதுகிறவள் பார்த்துக்கொள்வாள் என்று நீங்கள் உட்கார்ந்திருந்தது போதும். பதினேழு என்று இப்போது உங்களுக்கும் தெரியும். அக்கா இன்னும் வைக்கவில்லை. ஃபோனை உங்கள் கையில் கொடுத்துவிட்டேன்.

சொல்லுங்கள்.