மூடி வைத்த கோப்பை

தேத்தண்ணி ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்கு விழுந்துகொண்டே இருக்கிறது, மேலே போன கை இன்னும் இறங்கவில்லை, கீழே இருக்கும் கை அசையவில்லை, நடுவில் ஒரு முழ நீளத்துக்குப் பழுப்பாக அது தொங்கிக்கொண்டு நிற்கிறது, பூங்காவனம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணாடிக்கு வெளியே மழை, எந்த ஊர் மழை என்று ஒரு கணம் அவளுக்குப் பிடிபடவில்லை, அவள் ஊர் தைப்பிங் மழை என்றால் பிற்பகலில் சொல்லிவைத்தாற்போல வந்து சாலையை அடித்துக் கழுவிவிட்டு, விளக்கு வைப்பதற்குள் போய்விடும், இந்த ஹாம்பர்க் மழைக்கு வரவும் தெரியாது போகவும் தெரியாது, வேலைவெட்டி இல்லாத விருந்தாளி மாதிரி நாள் முழுக்க வாசலிலேயே நின்று கழுத்தறுக்கும், அந்த மழையில்தான் மகள் லோகேஸ்வரி இன்று அவளை இங்கே கூட்டிவந்திருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை மதியம், துறைமுகத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மலேசிய உணவுக்கடை, இரண்டு மாதமாக ரொட்டியும் சீஸுமாகத் தின்று அம்மாவின் நாக்கு செத்துப்போய்விட்டதாம், அம்மாவுக்குப் பக்கத்தில் லோகா, லோகாவுக்கு எதிரே அவள் புருஷன் யோனாஸ், அம்மாவுக்கு எதிரே யாருமில்லை, நாற்காலியில் மூன்று பேருடைய நனைந்த கோட்டுகள் மட்டும். தேத்தண்ணி ஆற்றுகிறவர்தான் முதலாளி, பினாங்குக்காரர், மீராசா என்று பெயர், ஐம்பது வயதிருக்கும், இவர்கள் நுழைந்ததுமே வாங்கக்கா என்றார், அந்த ஒரு வாங்கக்காவில் பூங்காவனம் வாசலிலேயே நின்றுவிட்டாள், அது ஊர் ஏக்கம் என்று லோகா நினைத்தாள், நினைத்துக்கொள்ளட்டும், வியாழக்கிழமை விமானம், அதற்குள் மகளிடம் ஒன்று சொல்லியாக வேண்டும், சவரிமுத்து என்று ஒருத்தர் என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறார், எனக்கும் சம்மதம், அவ்வளவுதான், இதைக் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாயிற்று, கண்ணாடி ஒன்றும் மறுத்துப் பேசவில்லை, கதவைத் திறந்து வெளியே வந்ததும்தான் வாய் ஒட்டிக்கொள்கிறது.

எங்கே ஆரம்பித்தது என்று கேட்டால் மழையில் என்றுதான் சொல்ல வேண்டும், அதிசயமாகக் காலையிலேயே பிடித்துக்கொண்ட ஒரு மழை, அப்போது புருஷன் துரைராஜு செத்து ஆறேழு மாதம் ஆகியிருக்கும், பக்கவாதத்தில் விழுந்த மனிதரை வருஷக்கணக்காகப் புரட்டிப் போட்டு, துடைத்து, ஊட்டி, அதே கையோடு காடுவரை அனுப்பியும் வைத்த பிறகு, விடியற்காலையில் அவரைப் புரட்டும் நேரத்துக்கு உடம்பு தானாக எழுந்துகொள்கிறது, எழுந்து என்ன செய்வது, புரட்ட ஆளில்லை, வீடு வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது, அப்படித்தான் அவள் மணிக்கூண்டு பக்கத்துச் சீனன் கோப்பிக் கடைக்கு நடக்க ஆரம்பித்தாள், ஒரு பொம்பிளை தனியாகக் கோப்பிக் கடையில் உட்காருவதா என்று இரண்டு நாள் கூசிற்று, மூன்றாம் நாள் கூச்சம் அலுத்துப்போய்விட்டது, அன்றைக்குத்தான் மழை, கடை நிரம்பி வழிகிறது, குடையை மடக்கி உதறிக்கொண்டே ஒரு மனிதர் வந்து, இங்க ஆளிருக்கா என்று எதிர் நாற்காலியைக் காட்டிக் கேட்கிறார், இல்லை என்று தலையாட்டினாள், உட்கார்ந்தார், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்றும், பெண்சாதி போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது என்றும், பேர் சவரிமுத்து என்றும் அவளுக்குத் தெரியவர எவ்வளவோ நாள் ஆயிற்று, அதுவரை பேச்சே கிடையாது, தமிழ்ப் பேப்பரை நடுவில் பிரித்து முன்பக்கத்தை இவளிடம் நீட்டுவார், விளையாட்டுப் பக்கத்தை அவர் வைத்துக்கொள்வார், அதுதான் பேச்சு. கோப்பிக் கடைகளில் ஒரு பழக்கம் உண்டு, முன்னால் வந்தவர் பின்னால் வருகிறவருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவார், வந்த கோப்பையை எதிரே வைத்து அதன் சாசரை எடுத்து மேலே கவிழ்த்து மூடிவிட்டால், சூடும் போகாது, ஈயும் விழாது, அந்த நாற்காலிக்கு ஆளிருக்கிறது என்று ஊருக்கே தெரியும், அப்புறம் ராஜாவே வந்தாலும் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். ஒருநாள் அவள் போனபோது அவள் இடத்தில் ஒரு கோப்பை மூடியிருந்தது, யாரோ வருகிறார்கள் போல என்று திரும்பப் போனவளை, உங்களுக்குத்தான் என்று அவர் கூப்பிட்டார், மறுநாள் அவள் சீக்கிரம் போய் அவருக்கு மூடி வைத்தாள், அவருக்குச் சீனி கம்மி, இவளுக்கு இருக்கிற சீனியெல்லாம் வேண்டும், இப்படியே எத்தனை மழை, எத்தனை கோப்பை, விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் அவர் பேப்பரைப் பிரிக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு, நீங்க திரும்பி வந்தா நமக்கு ரெண்டு வீடு எதுக்குன்னு தோணுது என்கிறார், பேப்பரைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார், அறுபது வயதில் முகம் சிவக்குமா என்றால் சிவக்கிறது, பிள்ளையக் கேட்டுட்டு வர்றேன் என்று சொல்லிவிட்டு வந்தாள், வந்தவள்தான், இன்னும் கேட்டபாடில்லை.

லோகா பேசிக்கொண்டிருக்கிறாள், அறையைப் பற்றி, வீட்டில் தெருப் பார்த்த அறையை அம்மாவுக்கென்று ஒழித்து அவளும் யோனாஸும் தங்கள் கையாலேயே மஞ்சள் அடித்திருக்கிறார்கள், இந்தத் தடவை விமானம் ஏறிப் போய் தைப்பிங் வீட்டை விற்றுவிட்டு ஒரேயடியாக வந்துவிட வேண்டியது, விசாவுக்கு என்ன செய்ய வேண்டும் என்றுகூடக் கேட்டு வைத்தாயிற்று, அங்கே தனியாக யார் இருக்கா உங்களுக்கு என்று கேட்கிறாள், அன்பாகத்தான் கேட்கிறாள், அந்த அன்புதான் கழுத்தில் கல்லாகத் தொங்குகிறது, யோனாஸ் ரொட்டி சானாயை முள்கரண்டியும் கத்தியுமாக அறுத்து, பருப்புக் குழம்பை மேலே ஒரு பக்கமாக ஊற்றி, அம்மா சூப்பர் என்கிறான், அவனுக்குத் தெரிந்த தமிழ் அந்த முதல் சொல் மட்டும்தான், நல்ல பிள்ளை, பூங்காவனம் சிரித்தாள், மஞ்சள் அறையின் ஜன்னலைத் திறந்தால் கீழே மணிக்கூண்டு தெரிகிறது, குடைகள் போகின்றன, ஒரு குடை நின்று மேலே பார்க்கிறது, அவள் தெளிந்து பார்க்கும்போது மீராசா மேசையருகே நின்று குடிக்க என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார், லோகா மாம்பழச் சாறு, யோனாஸ் பீர், அக்காவுக்கு என்று அவர் இவள் பக்கம் திரும்பினார், ரெண்டு தேத்தண்ணி தம்பி, ஒண்ணு சீனி கம்மியா, வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது, லோகா யோனாஸின் சட்டையில் சிந்திய குழம்பைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தாள், கவனிக்கவில்லை, பச்சைப் பூப்போட்ட தடித்த கோப்பைகள், ஊரிலிருந்தே கொண்டுவந்திருப்பார் போல, சாசரோடு இரண்டு வந்து இறங்கின, ஒன்றை அவள் எடுத்துக்கொண்டாள், மற்றதை எதிரே நகர்த்தி, சாசரை எடுத்துக் கவிழ்த்து மூடினாள், கை எத்தனையோ காலை செய்த வேலை, அதற்கு ஹாம்பர்க் என்றும் தெரியாது மகள் பக்கத்தில் இருக்கிறாள் என்றும் தெரியாது.

ஐரோப்பாவில் வேறு எந்தக் கடையாக இருந்தாலும் அது பாட்டுக்கு இருந்திருக்கும், கிழவி ஏதோ செய்கிறாள் என்று விட்டிருப்பார்கள், சோற்றுத் தட்டுகளோடு வந்த மீராசா மூடிய கோப்பையைப் பார்த்ததும் ஊர்க்காரச் சிரிப்பு சிரித்து, இன்னும் ஆள் வர்றாங்களாக்கா, அவங்களுக்கும் ஒரு தட்டு போட்டுறவா என்று கேட்டுவிட்டார், யாரும் வரல அண்ணே என்றாள் லோகா, பிறகு கோப்பையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், அவளும் கோப்பிக் கடை ஊரில் பிறந்தவள்தானே, அந்தச் சாசரின் அர்த்தம் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, அவள் முகம் அப்படியே இளகிப் போயிற்று, அம்மாவின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

அப்பாவுக்காம்மா, என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினால் போதும், தலை பாதி இறங்கியும்விட்டது, எவ்வளவு லேசு, மகள் அழுவாள், இவளும் அழுவாள், செத்த மனிதர் பேரில் ஒரு கோப்பை தேத்தண்ணி, யாருக்கும் குறையில்லை, வியாழக்கிழமை விமானம் ஏறிவிடலாம், அப்புறம் வீட்டை விற்றுவிட்டுத் திரும்பி வந்து மஞ்சள் அறையில் உட்கார்ந்துகொள்ளலாம், அங்கே ஒருத்தர் தினமும் கோப்பையை மூடி வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார், பார்க்கட்டும் என்றா, நெஞ்சு கேட்குமா, இறங்கிய தலையை அவள் நிறுத்தினாள். இல்ல லோகா, அப்பாவுக்கு இல்ல, என்றாள், ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை, மழை, குடை, பேப்பர், சீனி கம்மி, ரெண்டு வீடு எதுக்கு, எல்லாம் முன்னுக்குப் பின்னாகக் கொட்டின, லோகாவின் கைகள் எப்போது விலகின என்று தெரியவில்லை, பார்த்தபோது இவள் கை மட்டும் மேசைமேல் தனியாகக் கிடந்தது.

லோகா குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால்கூடத் தேவலை, அறுபது வயசாச்சே, நாம் முன்பு இருந்த ரப்பர்த் தோட்டத்து ஜனம் சிரிக்காதா, அதுவும் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர், அப்பா போட்டோவை எங்கே கொண்டுபோய் மாட்டுவீர்கள், இத்தனை வருஷம் ஓர் ஆம்பிளைக்குப் பீ மூத்திரம் அள்ளியது போதாதா, இன்னொருத்தருக்கும் அள்ள வேண்டுமா, ஒவ்வொன்றாக மெதுவாகக் கேட்டாள், பிள்ளையாருக்கும் முருகனுக்கும் வித்தியாசம் தெரியாத புருஷனை எதிரே வைத்துக்கொண்டு வேதக்காரர் என்கிறாளே என்று பூங்காவனத்துக்கு அந்த நேரத்திலும் ஓரமாக ஒரு சிரிப்பு வந்தது, விழுங்கிக்கொண்டாள், யோனாஸ் என்னவென்று புரியாமல் கத்தியைக் கீழே வைத்துவிட்டான். இப்ப எங்கிட்ட எதுக்கு வந்து கேக்கறீங்க, என்றாள் லோகா, நான் உங்களக் கேட்டுட்டா இவரக் கட்டினேன்?

கோபத்தில் வந்த பேச்சுதான், ஆனால் பூங்காவனத்துக்கு எங்கேயோ ஒரு தாழ்ப்பாள் விலகிய மாதிரி இருந்தது, அன்றைக்கு இப்படித்தான் தொலைபேசி அடிக்கிறது, துரைராஜுவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கிறாள், எங்கோ தொலைவிலிருந்து லோகா, அம்மா வெள்ளிக்கிழமை ரிஜிஸ்டர் பண்ணிக்கிட்டோம்மா, நல்ல மனுஷன்மா என்கிறாள், பண்ணிக்கலாமா என்று கேட்கவில்லை, கஞ்சிக் கிண்ணம் கையிலேயே இருக்கிறது, பேச்சுப் போன துரைராஜுவின் ஒரு கண்ணில் மட்டும் தண்ணீர் வழிகிறது, இரண்டு நாள் இவள் அழுதாள், மூன்றாம் நாள் பொன்னாசாரியிடம் போய்த் தாலி செய்யச் சொன்னாள், அவ்வளவுதானே, உலகம் என்ன இடிந்தா விழுந்தது, பெற்றவளுக்கு மகள் சொல்லலாம் என்றால் மகளுக்குப் பெற்றவள் சொல்லக்கூடாதா, இத்தனை வயதுக்கு அப்பனைக் கேட்டு, புருஷனைக் கேட்டு, கடைசியில் மகளையும் கேட்டுக்கொண்டு நிற்கிறோமே என்று தன்மேலேயே அவளுக்கு வெட்கமாக வந்தது.

நீ சொன்னது சரிதான்டி, என்றாள், கேக்கல, சொல்றேன், வியாழக்கெழம ஊருக்குப் போறேன், போயி அவரக் கட்டிக்கப் போறேன்.

சொல்லி முடித்ததும் லோகா தட்டின்மேல் குனிந்து அழுதாள், சாப்பாட்டு மேசையில் அழக்கூடாது என்று சின்ன வயதில் தலையில் குட்டியதெல்லாம் ஞாபகம் வந்து பூங்காவனத்துக்குக் கை பரபரத்தது, தொடவில்லை, லோகா காகிதத் துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, உங்களுக்கு முடியாமப் போனா யாரு பாத்துக்குவா, அவர் பாத்துக்குவாரா, என்று கேட்டாள், அதுதான் அவளுடைய பயம் என்று அப்போதுதான் தெரிந்தது, தோட்டமும் இல்லை வேதமும் இல்லை. அதற்குப் பூங்காவனம் ஒரு காய்ச்சலைச் சொன்னாள், போன வருஷம் எழுந்திருக்க முடியாமல் கிடந்த ஒரு நாள், கடையில் அவர் கோப்பையை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார், ஆறிப்போனால் வேறு சொல்கிறார், அதுவும் ஆறிப்போகிறது, மத்தியானம் சீனன் நாற்காலிகளை மேசைமேல் கவிழ்க்கும்வரை இருந்துவிட்டு, வீடு எங்கே என்றுகூடத் தெரியாத மனிதர், கோயிலில் கேட்டு, மளிகைக் கடையில் கேட்டு, கொட்டுகிற மழையில் வாசலில் வந்து நிற்கிறார், பிளாஸ்டிக் பையில் தேத்தண்ணியை ஊற்றிக் கயிறு கட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, உள்ளே வரவில்லை, வாங்க என்றும் இவள் சொல்லவில்லை, அக்கம்பக்கம் பார்க்குமே, கதவுக் கம்பியில் பையை மாட்டிவிட்டு, கஷாயம் வெச்சுக் குடிங்க என்று சொல்லிவிட்டுப் போனார், குடை இருந்தும் முழுக்க நனைந்திருந்தார், அவர் போன பிறகு பையைத் தொட்டுப் பார்த்தேன்டி, இன்னும் சுட்டுது, என்றாள்.

யோனாஸ் மேசைமேல் சாய்ந்து லோகாவிடம் மெதுவாக என்னவோ கேட்டான், அவள் ஜெர்மனில் நாலு வார்த்தை சொன்னாள், அவன் மூடிய கோப்பையைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் தன் பீரைக் கொஞ்சம் தள்ளி வைத்தான், சவரிமுத்து கடைக்கு வெளியே நிற்கிறார், இந்த ஊர் சாலையைக் கடக்கத் தெரியாமல் இரண்டு பக்கமும் பார்க்கிறார், இல்லை, அது யாரோ வெள்ளைக்காரர், குடையை மடக்கி வேறு வாசலில் நுழைந்துவிட்டார். லோகா எழுந்தாள், போய்விடப் போகிறாள் என்று பூங்காவனம் நினைத்தாள், மேசையைச் சுற்றிக்கொண்டு வந்த லோகா, எதிர் நாற்காலியில் குவித்துப் போட்டிருந்த மூன்று பேருடைய கோட்டுகளையும் மொத்தமாக அள்ளிக்கொண்டுபோய்ச் சுவரில் மாட்டிவிட்டுத் திரும்பி வந்து நின்றாள், நாற்காலி காலியாயிற்று, பலகையில் தண்ணீர் திட்டுத் திட்டாக நின்றது, யாரோ மழையில் நனைந்து வந்து உட்கார்ந்து இப்போதுதான் எழுந்துபோன மாதிரி, லோகா அதை விரலால் தொட்டுப் பார்த்தாள், ஈரமா இருக்கு, துடைச்சு விடுங்கம்மா, என்றாள்.