ஆளுக்குக் கொஞ்சம்

மூடுபனி விலகுமுன்பே கடப்பாரைகள் பாறையில் இறங்கிவிட்டன. ஐந்தாண்டுத் திட்டத்தில் அடுக்கம் கிராமத்துக்கு மேலே மலையை வெட்டிப் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். விறைத்த விரல்களை அக்குளில் செருகிச் சூடேற்றிக்கொண்டு ஆண்கள் பாறையைப் பிளந்தார்கள். மழைக்கு ஈரச் சாக்கைத் தலைமேல் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு பெண்கள் கல் சுமந்தார்கள். விடாத மழை. அவர்களில் ஒருத்தியான முருகம்மாளின் புருஷன் பொன்னுவேல் மலையை வெட்டிய இடத்துக்கு நேர் அடியில் நின்றிருந்தான்.

வெளிச்சம் வருவதற்குள் மலை இறங்கியது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. சேறும் கல்லும் வழிந்து வந்து பொன்னுவேலை மூடிக்கொண்டன. கைகளால் தோண்டி எடுத்தபோது அவன் வாய் நிறைய மண் இருந்தது.

அவனைப் புதைத்துவிட்டு வந்து, தாங்கள் தங்கியிருந்த தகரக் கொட்டகையில் உட்கார்ந்தார்கள். தண்ணீர் சுமக்கும் காளியாயி முதலில் வாய் திறந்தாள்.

"கொஞ்ச நாளா ஊத்துத் தண்ணி செம்மண்ணா வந்துச்சு. மழையாலன்னு நெனச்சேன்."

விறகுக்கு மேலே போய்வரும் நல்லசாமி தலையைத் தூக்கினான். "மேல தரை வெடிச்சுக் கெடந்துச்சு. மலையில வெடிப்பு இல்லாமயான்னு வந்துட்டேன்."

"வேட்டுக்குப் போட்ட குழியில ஊத்துன தண்ணி நிக்கவே இல்ல," என்றார் பாறை துளைக்கும் திருமலைச்சாமி. "அப்பிடியே உள்ள போயிருச்சு."

முருகம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "ஆளுக்குக் கொஞ்சம் தெரிஞ்சிருக்கு. ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கலையே."

அவள் குரலில் கோபம் இல்லை. அதுவே அவர்களால் தாங்க முடியாததாக இருந்தது.

மறுநாள் காண்டிராக்டர் சேனாதிபதி ஜீப்பில் வந்தார். "வெரசா மண்ண அள்ளுங்க. சீசனுக்குள்ள ரோடு முடியணும்."

"வெட்டுக்கு அடியில எறங்க மாட்டோமுங்க," என்றார் திருமலைச்சாமி. "தெனம் வெள்ளனே எல்லாரும் கூடி, அவங்கவங்க பாத்தத சொல்லணும். எல்லாருக்கும் சரின்னு பட்டாத்தான் கடப்பாரையத் தொடுவோம்."

"மலையப் பத்தி எஞ்சினியரவிட உனக்குத் தெரியுமோ?"

"எனக்குத் தெரியாதுங்க. அவருக்கும் முழுசாத் தெரியலையேங்க."

"தெரிஞ்ச மட்டும் முன்னமே ஏன் சொல்லல?"

முருகம்மாள்தான் சொன்னாள்: "நாலு பேர் கூடிப் பேசுனா சோலி கெடுதுன்னு வெரட்டுனது நீங்கதானுங்க."

சேனாதிபதி அவள் பக்கம் திரும்பவே இல்லை. "கீழ பசிச்ச ஆளுக்கா பஞ்சம்?" என்று ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

அன்றே கொட்டகைக்கு அரிசி வருவது நின்றது. காட்டுக் கிழங்கை அவித்துத் தின்றார்கள். குழந்தைகளுக்குப் பேதி கண்டது. சில குடும்பங்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு பெரியகுளத்துக்கு இறங்கிவிட்டன. மிஞ்சியவர்கள் பாதையின் குறுக்கே உட்கார்ந்தார்கள். ஜெயிப்போம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஒரு காலையில் லாரி வந்தது. புது ஆட்கள், எலும்பும் தோலுமாக. முருகம்மாள் எழுந்து போய் நடந்ததைச் சொன்னாள்.

"எங்களுக்கும் வயிறு இருக்குல்ல," என்றான் ஒருவன், தரையைப் பார்த்தபடி.

இடுப்பில் குழந்தையோடு இறங்கிய சண்முகவள்ளி என்ற பெண் மலையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "கீழ் வளைவுல லாரி நின்னப்ப பாத்தேன். இந்தச் சரிவு மரம் மொத்தமும் ரோட்டப் பாத்துச் சாஞ்சு நிக்குதே, எப்பவும் இப்பிடித்தானா?"

மலையிலேயே கிடந்தவர்களில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. அடி மண் நகர்ந்தால்தான் மரம் அப்படிச் சாயும். அவர்களுடைய கொட்டகையும் அந்த மரங்களுக்கு அடியில்தான் இருந்தது.

நல்லசாமி கொட்டகையிலிருந்த குழந்தைகளை வெளியே தூக்கிவர ஓடினான். புது ஆட்களில் இருவர் கேட்காமலே அவன் பின்னால் போனார்கள். லாரிக்காரன் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. யாரிடமும் அரிசி இல்லை. நாளைக்கு வேறொரு லாரி வரும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

முருகம்மாள் சரிவைவிட்டுத் தள்ளிப் பாதையின் குறுக்கே, சண்முகவள்ளிக்கும் இடம்விட்டு உட்கார்ந்தாள்.

"வேற என்ன பாத்த?" என்றாள். "எல்லாருங் கேக்கறாப்புல சொல்லு."